ஓடைக்கு அந்தப் பக்கம் நடந்த கல்யாணம்

ஹாவிஸுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்ற செய்தி அஸ்கில்பி ஊர் முழுக்கச் சுற்றி, எல்லோரும் மென்று துப்பிய பிறகு, கடைசியாக ஹாவிஸிடம் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவள் வாத்து மேய்க்கும் எம்மோட். காலையிலேயே கள்ளுக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து, கோப்பையை நீட்டினாள்.

"கொடுத்து வச்சவடி நீ. பூசை கிடையாது, விருந்து கிடையாது, எவனுக்கும் ஒரு வாய் கஞ்சி ஊத்தலை. செலவே இல்லாம ஒரு புருஷன்."

"யாருக்கு அத்தை?"

"உனக்குத்தான்."

"எனக்கா? எவன் அவன்?"

"எத்தனை பேரு வச்சிருக்க? வாரின்தான்."

ஹாவிஸ் பார்லியில் வடிக்கும் கள்ளைக் கிண்டிக்கொண்டிருந்த துடுப்பை அப்படியே நிறுத்தினாள். கல்யாணம் ஆன பெண்ணுக்குத் தனக்குக் கல்யாணம் ஆனது தெரியாமல் இருக்குமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அஸ்கில்பியில் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே அது நடக்கக்கூடிய காரியம்.

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் ஹாவிஸும் ஆடு மேய்க்கும் வாரினும் வைக்கோல் கொட்டகையில் பிடிபட்டார்கள். பிடித்தவன் கோயில் கோர்ட்டின் சம்மன்காரன். ஊரில் களவு போன பன்றி அவன் கண்ணெதிரே நடந்துபோனாலும் தெரியாது. வைக்கோலுக்குள் இரண்டு பேர் மூச்சு விட்டால் மட்டும் அடுத்த ஊரில் இருக்கும்போதே மூக்கில் வேர்த்துவிடும். அவள் விதவை, அவன் கல்யாணம் ஆகாதவன், பெரிய குற்றமில்லை. ஆனால் அன்றைக்குப் புதன்கிழமை, அதுவும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நோன்புக் காலம். விசாரித்த நீதிபதிச் சாமிக்குப் பாவத்தைவிடக் கிழமைதான் அதிகம் வலித்தது.

கிழமை விஷயத்தில் சபையைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு ஆண்டவருடைய நாள், கூடாது. புதனும் வெள்ளியும் நோன்பு, கூடாது. சனி, ஞாயிறுக்கு முந்தின நாள் என்பதால் கூடாது. தவக்காலம் கூடாது, புனிதர்களின் திருநாள் கூடாது, திருநாளுக்கு முந்தின நாளும் கூடாது. பட்டப்பகலில் கூடாது, அம்மணமாகக் கூடாது, சிரித்துக்கொண்டு அறவே கூடாது. இதெல்லாம் தாலி கட்டாத குறையாய்த் திரிகிறவர்களுக்கு என்று நினைக்க வேண்டாம். கோயில் வாசலில் மோதிரம் மாற்றிக்கொண்ட புருஷன் பெண்டாட்டிக்கே இதுதான் சட்டம். மிஞ்சுகிற நாட்களில் பாதி அறுவடை. உடம்பை அசைக்க முடியாது. மீதிப் பாதி பனி. போர்வையை அசைக்க முடியாது. இவ்வளவுக்கும் நடுவில் ஊரில் வீட்டுக்கு ஆறு பிள்ளை பிறந்துகொண்டிருப்பதைப் பரிசுத்த ஆவியின் வல்லமை என்றுதான் சொல்ல வேண்டும்.

தண்டனையாக இருவரையும் வெறும் உள்ளங்கியோடு, கையில் மெழுகுவர்த்தி கொடுத்து, கோயிலைச் சுற்றி அடித்துக்கொண்டே நடத்தினார்கள். அதோடு விட்டிருக்கலாம். பீடத்துக்கு முன்னால் நிறுத்தி ஒரு சத்தியமும் வாங்கினார்கள். "இனி எப்போதாவது இவளை நான் சரீரத்தால் அறிந்தால், அந்த நேரம் முதல் இவள் என் மனைவி" என்று வாரின் சொன்னான். "இனி எப்போதாவது இவர் என்னை அறிந்தால், அந்த நேரம் முதல் இவர் என் கணவர்" என்று ஹாவிஸ் சொன்னாள். அதாவது அடுத்த தடவை வழுக்கினால் விழுகிற இடம் கல்யாணம். கள்ள உறவுக்குத் தண்டனை கல்யாணம் என்று கண்டுபிடித்த மகான் யாரென்று தெரியவில்லை. அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

ஹாவிஸ் அந்தச் சத்தியத்தைக் கேட்டுப் பயந்தது நரகத்தை நினைத்து அல்ல. அவள் கொல்லையில் ஒரு செப்பு அண்டா இருந்தது. இரண்டு ஆள் உட்காரலாம். ஊருக்கே கள் வடிப்பது அதில்தான். முதல் புருஷன் ஓஸ்பெர்ட் இருந்தவரை அவளுக்கு வேறொரு அண்டா இருந்தது. அதை அவன் ஒரு சந்தை நாளில் விற்று, விற்ற காசை அன்றே குடித்து, வீட்டுக்கு வந்து, "கஞ்சி எங்கே" என்று கேட்டான். அவள் வாயைத் திறக்க வழியில்லை. பெண்டாட்டியின் அண்டா புருஷனுடைய அண்டா. அவன் காய்ச்சலில் போனபிறகு, கடன்பட்டு, வாடகைக்குப் பாத்திரம் எடுத்து, வடித்து விற்று, அவள் வாங்கியது இந்த அண்டா. வாரினின் தோளும் சிரிப்பும் அவளுக்குப் பிடிக்கும். அதற்காக அண்டாவைக் கொடுக்கும் அளவுக்குப் பிடிக்காது.

"எவ அத்தை இப்படிக் கிளப்பிவிட்டது?" என்றாள் ஹாவிஸ்.

"எவளோ சொன்னா."

"எவ?"

எம்மோட் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, "நான்தான்" என்றாள். "பொய் ஒண்ணும் சொல்லலையே. பெந்தகோஸ்தே முடிஞ்ச வாரம் நீங்க ரெண்டு பேரும் ஓடையைத் தாண்டிப் போனீங்க. அவன் தோள்ல கள்ளுக்குடம். நீ பாவாடையைத் தூக்கிப் பிடிச்சிருந்த. என் வாத்தெல்லாம் பார்த்துச்சு."

"போனோம். அதுக்கு?"

"போனப்ப குடம் தளும்பிச்சு. வந்தப்ப வெறுங்குடம். உன் முதுகெல்லாம் புல்லு."

"புல்லு இருக்கிற எடத்துல புல்லுதான் ஒட்டும்."

"அதைத்தான்டி நானும் சொன்னேன்" என்றாள் எம்மோட். "ஊர்ல அவங்கவங்க புத்திக்கு எட்டினபடி புரிஞ்சிக்கிட்டாங்க."

ஹாவிஸ் அடுப்பை அணைத்தாள். தனக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா இல்லையா என்று விசாரித்து வர, தலைத்துணியைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள்.

உண்மை இதுதான். எம்மோட்டின் வாத்துகள் பார்த்தது சரி. ஆனால் ஹாவிஸும் வாரினும் வெறிபிடித்துப் போனவர்கள் அல்ல. யோசித்து, சட்டம் பேசி, முடிவெடுத்துப் போனவர்கள். அஸ்கில்பி ஓடைக்கு இந்தப் பக்கத்துக் கோயில்களை ஆள்வது ஒரு ஆயர், அந்தப் பக்கம் வேறொரு ஆயர். இந்தப் பக்கத்துச் சம்மன்காரன் அந்தப் பக்கம் கால் வைத்தால் அந்தப் பக்கத்துச் சம்மன்காரன் அவன் காலை ஒடிப்பான். சத்தியம் வாங்கியது இந்தப் பக்கத்துக் கோர்ட். ஆகவே அந்தப் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் அந்தச் சத்தியம் செல்லாது என்று வாரின் சொன்னான். கிழமையையும் பார்த்துக்கொண்டார்கள்: செவ்வாய். திருநாள் எதுவும் இல்லை. இவ்வளவு பயபக்தியோடு பாவம் செய்தவர்கள் அந்த வட்டாரத்திலேயே இருக்கமாட்டார்கள்.

பாதிரியார் ஹாமோ கோயில் தோட்டத்தில் அவரைப் பந்தலுக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். உதவிக்கு அவருடைய "அண்ணன் பிள்ளைகள்" இரண்டு பேர். அவருக்கு அண்ணனே கிடையாது என்பது ஊருக்குத் தெரியும். இருந்தாலும் அண்ணன் பிள்ளைகள் அவர் மூக்கோடு பிறந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

"சாமி, ஒரு சந்தேகம்."

"சொல்லு மகளே. கள்ளு புளிச்சிருச்சா?"

"என் சந்தேகம் இல்லை. வேற ஊர்க்காரி ஒருத்தி கேக்கச் சொன்னா."

"எந்த ஊரு?"

"தூரம்."

ஹாமோ குச்சியைக் கீழே வைத்தார். வேற்றூர்ப் பெண்களின் சந்தேகம் என்றால் அவருக்கு எப்போதுமே சுவாரசியம். பாவசங்கீர்த்தனத்தில் அவர் கேட்கும் குறுக்குக் கேள்விகளைக் கேட்டுத்தான் ஊர்ப் பெண்கள் பலர் இப்படியெல்லாம்கூடப் பாவம் உண்டு என்று தெரிந்துகொண்டார்கள்.

"ஒருத்தி இங்க ஒரு ஆயர் கோர்ட்ல சத்தியம் பண்றா. இன்னாரு தொட்டா அவருதான் புருஷன்னு. சரிங்களா? அப்புறம் அவரு, வேற ஆயரோட பூமியில வச்சித் தொடுறாரு. அது கணக்குல வருமா?"

"தொடுறதுன்னா எப்படி? கையாலயா?"

"சாமி."

"இல்லை மகளே, தெளிவாத் தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும். நின்னுக்கிட்டா, படுத்துக்கிட்டா?"

"படுத்துக்கிட்டுத்தான் சாமி. புல்லுல."

ஹாமோ வானத்தைப் பார்த்தார், ஓடைப் பக்கம் பார்த்தார், கடைசியாக ஹாவிஸைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு இங்க ஞானஸ்நானம் வாங்கினவதானே? ஓடையத் தாண்டினா அது கழுவிட்டுப் போயிருதா? சத்தியம் மண்ணுல ஒட்டியிருக்காது. தோல்ல ஒட்டியிருக்கும். தோலைக் கழட்டி இந்தக் கரையில வச்சிட்டுப் போனாளான்னு கேளு."

"அப்படின்னா?"

"அப்படின்னா அவளுக்குக் கல்யாணம் ஆயிருச்சு. புல்லுல படுத்த நேரத்துல இருந்து அவ பெண்டாட்டி. அவ வந்து சங்கீர்த்தனம் பண்ணட்டும்."

"சொல்றேன் சாமி. ஆனா அவ பாஸ்காவுக்குத்தான் பண்ணுவா. வருஷத்துக்கு ஒரு தடவை போதும்னு சபையே சொல்லுதில்ல?"

"பாஸ்கா இப்பத்தான் முடிஞ்சது."

"ஆமாங்க சாமி" என்றாள் ஹாவிஸ். "இன்னும் நாள் இருக்கு."

தனக்குக் கல்யாணம் ஆனது உறுதியான துக்கத்தோடு அவள் வீடு திரும்பினாள். ஒரே ஆறுதல், புல்லில் நடந்ததை நேரில் அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருவன் வாய் திறக்கமாட்டான். ஏனென்றால் வரும் ஞாயிறு கோயிலில் வாரினுக்குக் கல்யாண ஓலை வாசிக்கப்போகிறார்கள். பெண், ஆலைக்காரன் விதவை டெனிஸ். பதினோரு ஏக்கர், ஒரு மாவு ஆலை, இரண்டு பசு, கறாரான நாக்கு.

ஓலை வாசித்து, "தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று ஹாமோ கேட்டதும் எம்மோட் எழுந்து நின்றாள். அவளுக்கு டெனிஸ் மேல் பழைய கோபம். எம்மோட் அரைக்கக் கொடுத்த தானியத்தில் பிடித்தம் செய்தவள் டெனிஸ்.

"தடை இருக்கு சாமி. வாரினுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சு. என் வாத்து சாட்சி."

கோயில் சிரிப்பில் குலுங்கியது. ஹாமோ வாரினைப் பீடத்துக்கு அழைத்து, சுவிசேஷப் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னார். ஹாவிஸ் பெண்கள் பக்கத்தில் தூணோரமாக நின்றாள். வாரின் அவள் பக்கம் திரும்பாமல், வெள்ளைப் புறா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அந்தச் சத்தியம் பண்ணினதுல இருந்து இந்த நிமிஷம் வரைக்கும் ஹாவிஸ் மேல என் விரல்கூடப் படலை" என்றான். ஊரே கேட்டது. ஹாவிஸுக்கு உள்ளுக்குள் ஒரு பக்கம் எரிந்தது. அண்டா இருக்கும் பக்கம் மட்டும் குளிர்ந்தது.

காரியம் அதோடு முடிந்திருக்கும். டெனிஸ்தான் கெடுத்தாள்.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது, "என்ன டெனிஸ், சந்தேகம் தீர்ந்துச்சா?" என்று வாரின் கேட்டான்.

"தீர்ந்துச்சுய்யா. நல்லாவே தீர்ந்துச்சு" என்றாள் டெனிஸ், பத்துப் பேருக்குக் கேட்கிற குரலில். "அவ கள்ளுக்கடை பெஞ்சுல காலையில ஒக்காந்தா சாயங்காலம் எந்திரிக்கிற ஆளு நீ. அவளும் பார்க்க நல்லாத்தான் இருக்கா. இத்தனை மாசமா ஒரு விரல்கூடப் படலையா?"

"சத்தியமாப் படலை."

"அப்ப ஒனக்கு என்னமோ கோளாறு. மொத புருஷன் ஒம்பது வருஷம் எனக்குச் செபமாலை சொல்லிக் குடுத்துட்டுத்தான் போனான். அவனாவது ஆலை வச்சிருந்தான். இன்னொரு சன்னியாசியை வச்சிச் சோறு போட என்னால ஆகாது. வேற எடம் பாரு."

உண்மையைச் சொல்லியிருந்தால் சட்டப்படி அவளை இழந்திருப்பான். பொய் சொல்லி, ஒழுக்கசீலன் என்ற காரணத்துக்காக இழந்தான். இப்படி ஒரு அநியாயம் எந்த ஆட்டுக்காரனுக்கும் நடந்திருக்காது. வாரின் ஒரு வாரம் ஆட்டோடு ஆடாகத் திரிந்தான். பதினோரு ஏக்கர் போன பிறகுதான் ஹாவிஸின் செப்பு அண்டா எவ்வளவு பெரியது என்பது அவன் நினைவுக்கு வந்தது.

அவன் கள்ளுக்கடைக்கு வந்தபோது ஹாவிஸ் வாசல் கழியில் புதுத் தழைக்கொத்து கட்டிக்கொண்டிருந்தாள். புதுக் கள் தயார் என்பதற்கு ஊருக்கு அறிவிப்பு.

"ஹாவிஸ், மனசு கேக்கலை" என்றான். "பாவத்துல வாழ்றோம். நீ என் பெண்டாட்டி. ஒத்துக்கிட்டு ஒண்ணா இருந்துருவோம்."

"புத்தகத்து மேல கை வச்சப்ப மனசு எங்க போயிருந்துச்சு?"

"அப்ப பயம். இப்ப பக்தி."

"டெனிஸ் வேணாம்னுட்டா, அதானே?"

"அதுவும் ஒரு பக்தி மாதிரிதான். ஆண்டவர் வழி காட்டுறாரு."

"ஆண்டவர் என் அண்டாவையா காட்டுறாரு? போய்யா."

அவன் போனான், நேராகச் சம்மன்காரனிடம். அறுவடை முடிந்து கோயில் கோர்ட் பக்கத்து ஊருக்கு வந்தபோது, தன் மனைவியைத் தன்னிடம் சேர்த்துவைக்க வேண்டும் என்று ஆட்டுக்கார வாரின் போட்ட வழக்கு முதல் நாளே விசாரணைக்கு வந்தது. அஸ்கில்பியில் அன்றைக்கு ஆடும் வாத்தும் தானாக மேய்ந்தன. ஊர் மொத்தமும் கோர்ட்டில் இருந்தது.

ஹாவிஸ் போகும் வழியெல்லாம் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டே போனாள். இல்லை என்று சத்தியம் பண்ணினால் அண்டா மிஞ்சும், ஆன்மா போகும். ஆமாம் என்றால் ஆன்மா மிஞ்சும், அண்டா போகும், கூடவே சவுக்கடி. ஆன்மாவை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. ஓஸ்பெர்ட் விற்காமல் விட்டுவைத்தது அது ஒன்றைத்தான்.

நீதிபதிச் சாமி எலும்பும் தோலுமாக இருந்தார். வழக்கைக் கேட்கக் கேட்க அவருக்கு உடம்பு தேறியது.

"சாட்சி?"

எம்மோட் முன்னால் வந்தாள். ஓடை, குடம், பாவாடை, புல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"புல்லில் நடந்ததைப் பார்த்தாயா?"

"புல்லு இடுப்பளவு சாமி. அதுக்கு மேல வந்திருந்தாப் பார்த்திருப்பேன்."

"இரண்டாவது சாட்சி?"

எம்மோட் வாத்துகளைப் பற்றி ஆரம்பித்தாள். அவளை உட்காரச் சொன்னார்கள். நீதிபதி ஹாவிஸ் பக்கம் திரும்பினார். "பெண்ணே, நீ புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல். சத்தியத்துக்குப் பிறகு இவன் உன்னை அறிந்தானா?"

புத்தகத்தை நீட்டினார்கள். ஹாவிஸ் அதைப் பார்த்தாள், வாரினைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே வீட்டுக்காரன் போல இடுப்பில் கை வைத்து நின்றான். அவள் கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள்.

"சாமி, நான் கள்ளு விக்கிறவ. கொஞ்ச நாள் முந்தி இதே புத்தகத்து மேல, எங்க கோயில்ல, எங்க சாமி முன்னால, இவரு கை வச்சு ஒரு வார்த்தை சொன்னாரு. ஊரே கேட்டுச்சு. சுவிசேஷத்து மேல ஒரு ஆம்பளை சொன்னதுக்கு மாத்தா நான் ஒண்ணு சொன்னா நல்லாருக்குமா? மொதல்ல அவரு சொன்னது என்னன்னு கேளுங்க. அது மெய்யின்னா நான் என்னத்துக்குச் சத்தியம் பண்ணணும்?"

நீதிபதி ஹாமோவைப் பார்த்தார். ஹாமோ எழுந்தார். தோட்டத்தில் கேட்ட தூரத்து ஊர்ப் பெண்ணின் கதை அவருக்கு மறந்துபோயிருக்க வழியில்லை. ஆனால் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லுகிற வழக்கம் அண்ணன் பிள்ளைகள் உள்ள யாருக்கும் கிடையாது. "விரல்கூடப் படவில்லை என்று சத்தியம் செய்தான். நானே புத்தகத்தைப் பிடித்திருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"வாரின்" என்றார் நீதிபதி. குரலில் தேன் வடிந்தது. "அன்று படவில்லை என்றாய். இன்று பட்டது என்கிறாய். இரண்டில் ஒன்று பொய். அன்று சொன்னது பொய் என்றால், அது பீடத்தின் முன் பொய்ச் சத்தியம். ஆறு ஞாயிறு கோயிலைச் சுற்றி அடி, சந்தையைச் சுற்றி ஆறு, வெறுங்காலோடு ஒரு தூர யாத்திரை. பொய்ச் சத்தியக்காரன் பேச்சை நான் வழக்கிலும் எடுத்துக்கொள்ள மாட்டேன். அடிக்குப் பிறகும் மனைவி கிடைக்கமாட்டாள். அன்று சொன்னது மெய் என்றால், இன்று ஏதோ ஞாபகப் பிசகு. யோசித்துச் சொல்."

வாரின் யோசித்தான். ஊர் காத்திருந்தது. முன்பு வாங்கிய அடியின் தழும்பை அவன் கை தானாகவே தடவிப் பார்த்துக்கொண்டது.

"கனாவா இருந்திருக்கும் சாமி" என்றான்.

"கனவா?"

"ரொம்பத் தெளிவான கனா. புல்லெல்லாம் இருந்துச்சு."

"அப்படியானால் நீ இவளை ஒருபோதும் தொடவில்லை."

"ஒருபோதும் இல்லைங்க."

"நல்லது. வழக்குத் தள்ளுபடி. இவளுக்குக் கணவன் இல்லை" என்ற நீதிபதி சற்று நிறுத்தி, ஆசையோடு கேட்டார்: "அந்தக் கனவில் நீ சந்தோஷப்பட்டாயா?"

வாரின் எச்சரிக்கையில்லாமல், "ஆமாங்க" என்றுவிட்டான். கனவில் சந்தோஷப்பட்டதற்காக அவனுக்கு ஒவ்வொரு வெள்ளியும் வெறும் ரொட்டி, தண்ணீர், அடுத்த திருவிழா வரை. சபையின் கையிலிருந்து யாரும் முழுசாகத் தப்பியதில்லை.

ஹாவிஸ் எழுதாத சீட்டாக, கன்னி மாதிரி சுத்தமாக வீடு வந்தாள். திருச்சபையே சொல்லிவிட்டது: அவளை யாரும் தொடவில்லை. பாஸ்காவுக்கு அவள் ஹாமோவிடம் என்ன சொல்லப்போகிறாள் என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும், குச்சி நட்டுக்கொண்டிருக்கும் ஹாமோவுக்கும் இடையிலான விஷயம். பாஸ்காவுக்கு இன்னும் நாள் இருந்தது. கொல்லையில் அண்டா கொதித்தது.

மறுவாரம் கடை நிறைந்திருந்தது. எம்மோட் முதல் பெஞ்சில். வாரினும் வந்தான், அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை. கோப்பையை நீட்டினான். ஹாவிஸ் சுவரில் தொங்கிய கணக்குக் கட்டைகளில் அவனுடையதை எடுத்தாள். யார் எவ்வளவு குடித்தார்கள் என்பதற்கு ஆளுக்கு ஒரு கட்டை, கடனுக்கு ஒரு கீறல். அவனுடையதில் ஒரே கீறல், ஆழமானது.

"பழசு ஒண்ணு நிக்குது" என்றாள். "ஒரு முழுக் குடம். அதைக் குடுத்துட்டுப் புதுசு கேளு."

"முழுக் குடமா? நானா? எப்ப?"

"பெந்தகோஸ்தே முடிஞ்ச வாரம். செவ்வாக்கிழமை."

வாரின் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தான். கோர்ட்டுக்குப் பிறகு முதல் தடவையாக அவன் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது.

"குடிச்சிருந்தா குடுத்துத்தானே ஆகணும். எங்க வச்சுக் குடிச்சேன்னு சொல்லு, இப்பவே குடுக்கிறேன்."

எம்மோட் கோப்பையை வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹாவிஸ் கணக்குப் போட்டாள்: இடத்தைச் சொன்னால் குடத்துக் காசு வரும், அண்டா போகும். அவன் கோப்பையில் விளிம்பு வரை ஊற்றி, "இதுக்கு மட்டும் எடு" என்று கையை நீட்டினாள். அவன் ஒரு காசை வைத்தான்.

"அது யாரு கணக்குடி, அந்த ஆழமான கீறல்?" என்று எம்மோட் கேட்டாள்.

"யாரோ தூரத்து ஊர்க்காரியோடது அத்தை" என்றபடி ஹாவிஸ் கட்டையைத் திரும்பவும் ஆணியில் மாட்டினாள், கீறல் சுவர்ப் பக்கம் இருக்கும்படி.